நிற்பவன்

குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒருவன் ஏன் நிற்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டுக்கயிற்றைப் பிடித்து நிற்பவன், தரகனுக்காக நிற்பவன், சும்மா நிற்பவன் – பார்வைக்கு மூவரும் ஒன்றுதான். மூன்றாமவனைப் பிரித்தெடுக்கச் சட்டங்கள் எழுதப்பட்ட சரித்திரம் நம் கவனத்துக்கு அதிகம் வந்ததில்லை.

1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 109ஆவது பிரிவு: வெளிப்படையான ஜீவனோபாயம் இல்லாதவனிடமும், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவனிடமும் மாஜிஸ்டிரேட் நன்னடத்தை ஜாமீன் கேட்கலாம். யாருடைய திருப்தி என்பது சொல்லப்படவில்லை. (நான் கவுண்டரில் நீட்டும் படிவத்திலும் ‘தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. காலியாக விட்டவரிடம் திருப்பித் தருவதோடு என் அதிகாரம் தீர்ந்தது.) இதன் மூதாதை 1824இன் இங்கிலாந்து நாடோடிச் சட்டம்.

ஜீவனோபாயம் எப்படி இல்லாமல் போகிறது என்று சட்டம் விசாரிப்பதில்லை. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன குறவர்களின் வியாபாரத்தை ரயில் தின்றது. தொழில் போனது, நடை மட்டும் மிஞ்சியது, அந்த நடையே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. வடக்கே 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை, பதிவேடு, போலீஸில் ஆஜர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்த கள்ளர்கள் சுடப்பட்டார்கள். 1924இன் சட்டம் இன்னும் நுட்பமானது: பதிவுபெற்றவன், திருட ‘வாய்ப்பை எதிர்பார்த்து’ ஓரிடத்தில் இருந்தான் என்று கோர்ட்டு திருப்தியடைந்தால் மூன்று வருஷம் வரை சிறை. எதிர்பார்ப்பு என்கிற மனநிலையை எழுத நாவலாசிரியனே தடுமாறுவான். இங்கே கான்ஸ்டபிளின் சாட்சியத்திலேயே அது ஸ்தாபிதமாகிவிடும்.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது. மறுவருஷமே ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டம் வந்தது. ஜாதியின் இடத்தில் தனிமனிதனை வைத்தார்கள் என்பது உண்மையில் முன்னேற்றம்தான். ஆனால் பதிவேடும் ஆஜரும் பழைய போலீஸ் ஸ்டேஷனிலேயே இருந்தன.

1973இன் நடைமுறைச் சட்டம் ஜீவனோபாய வரியை விட்டுவிட்டது. தன் இருப்பை மறைத்துக்கொள்பவனைப் பற்றிய வரி தங்கியது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 128ஆம் பிரிவாக இருக்கிறது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’ என்றொரு பெயர் இருக்கிறது. குந்தாரப்பள்ளியும் 1965 வரை சேலம் ஜில்லாதான். உப்பு வியாபாரம் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பட்டியலில் தொழில் அப்படியே இருக்கிறது.