பூரியில் எங்கே சாப்பிடலாம்? ஒரு கடற்கரை நகரின் பழைய கேள்வி

ஒடிசாவின் பூரி நகருக்கு விடுமுறையில் செல்வோர் விடுதி அறையில் பெட்டியை வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது. சுவர்க்கத்வாரக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஆட்டோ ஓட்டுநர் ஒரு கடையின் பெயரைச் சொல்வார். விடுதிக்காரர் வேறொன்றைச் சொல்வார். சுற்றுலா என்ற சொல் வழக்கிற்கு வருமுன்பே இந்நகரில் கேட்கப்பட்டுவந்த கேள்வி இது. அன்று அதில் சுவை பற்றிய கவலை குறைவு. யார் சமைத்ததை உண்பது, யாருக்கு அருகே அமர்ந்து உண்பது என்பவையே பயணியின் கவலைகள். பல நாள் நடந்து வந்தவர் அரிசியும் பாத்திரமும் சுமந்து வருவார். தங்குமிடம்தோறும் தம் உலையைத் தாமே ஏற்றிக்கொள்வார். முன்பின் அறியாதவர் வடித்த சோற்றை விலைக்கு வாங்கி உண்பது, ஆசாரம் பேணிய குடும்பத்தினருக்கு எண்ணவும் ஒண்ணாத செயல்.

அந்த ஆசாரம் தளர்ந்த இடம் ஜகந்நாதர் கோயிலின் வெளிமதிலுக்குள், வடகிழக்கு மூலையில் உள்ள ஆனந்த பஜார். சமைத்த சோறு விற்கும் சந்தை அது. ஜகந்நாதருக்கும், பின்னர் விமலா தேவிக்கும் படைக்கப்பட்ட அன்னம் மகாபிரசாதமாகிறது. ஒடியர்கள் அதை ‘அபடா’ என்பர். சோறு, டால்மா, கீரை, புளிப்புக் கறி, பாயசம் என மண்பானைகளில் அது விற்பனைக்கு வருகிறது. வாங்குவோர் விலை பேசலாம், பானைக்குள் கைவிட்டுச் சுவைத்தும் பார்க்கலாம். எச்சில் என்ற கருத்தே அங்குச் செல்லாது. ஒருவர் உண்ட இலையில் எஞ்சியதை மற்றவர் எடுத்தாலும், எந்தச் சாதியார் தொட்டாலும் மகாபிரசாதத்திற்குத் தீட்டில்லை என்பது நெறி. இந்தியாவில் ‘வெளியே சாப்பிடுதல்’ எப்போது தொடங்கியது என்று ஆராய்வோர் பெரும்பாலும் பம்பாயின் ஈரானிக் கடைகளையும் உடுப்பிக்காரர்களின் ஓட்டல்களையும் நோக்கியே செல்கின்றனர். ஆனந்த பஜார் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கோயில் என்பதால் அது சமய வரலாற்றின் அலமாரிக்குள் வைக்கப்பட்டுவிட்டது போலும்.

அதன் சமையற்கூடத்தைச் சற்று நின்று பார்க்கலாம். விறகடுப்பு; பானைமேல் பானையாக அடுக்கிய மண்கலங்கள்; ஒருமுறை பயன்பட்ட கலம் மறுமுறை அடுப்பேறாது. நீர் கோயிலுக்குள் இருக்கும் கிணறுகளிலிருந்து வருகிறது. வெங்காயமும் பூண்டும் இல்லை என்பதில் வியப்பில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ், பூக்கோஸ், பச்சைமிளகாய் ஆகியவையும் இல்லை. ஐரோப்பியக் கப்பல்களின் வழி வந்த காய்களுக்கு அங்கே பொதுவாக இடமில்லை. நம் ஊரில் திவசச் சமையலுக்கு ‘இங்கிலீஷ் காய்’ ஆகாது என்று ஒதுக்கும் மூத்தோருக்கு இந்த விதி எளிதில் விளங்கும். ஆனால் விதி முழுமையானதும் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பரங்கிக்காயை ஒடியர்கள் ‘ககாரு’ என்று அழைத்துத் தம்முடையதாக்கிக் கொண்டனர்; அது கோயில் டால்மாவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தமிழில் அதன் அயன்மை பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது ‘நாட்டுக்காய்’ என்பதைத் தாவரவியலைவிட மறதியே பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்தச் சந்தையின் தனித்தன்மையை 1866ஆம் ஆண்டுப் பஞ்சம் துலக்கிக் காட்டும். அப்பஞ்சத்தில் ஒடிசாவில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர். உயிர் பிழைக்கக் கஞ்சித் தொட்டிகளை நாடியவர்கள் அங்கே சமைத்த உணவை உண்டதற்காகச் சாதியிழந்தனர். ‘சத்திரகியா’ என்று, அதாவது சத்திரத்தில் உண்டவர் என்று, இகழப்பட்டுத் தனிப் பிரிவாகவே ஒதுக்கப்பட்டனர். நம் அன்னசத்திரம் என்ற சொல்லில் உள்ள அதே சத்திரம்தான் அது. ஒரே நிலப்பகுதி, ஒரே காலம், இரண்டிலும் பொது உலைச் சோறு. கோயிலுக்குள் உண்டவர் புண்ணியம் பெற்றார். பஞ்சக் கொட்டகையில் உண்டவர் உறவினரை இழந்தார். மகாபிரசாதம் சாதியைக் கடந்தது என்று பெருமை பேசுவோர் சத்திரகியா என்ற சொல்லையும் அதனருகில் வைத்துப் பேசுவதே நேர்மை.

அதே 1866இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய சர்வதேசச் சுகாதார மாநாடு, காலரா பரவுவதற்கு இந்தியப் புனித யாத்திரைகளை ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டியது. பூரி உலகத்தின் கண்ணில் விழுந்தது. சுகாதார ஆணையர் டேவிட் ஸ்மித் 1868ஆம் ஆண்டின் பூரி யாத்திரை குறித்து அறிக்கை எழுதினார். 1872இல் ஒடிசா பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் ஹண்டர், நெரிசலான தங்கும் வீடுகளையும் நாள்பட்டுப் புளித்த பிரசாதச் சோற்றையும் ஒருசேரக் குற்றம் சாட்டினார். 1871இல் பூரித் தங்கும் வீடுகள் சட்டம் வந்தது. யாத்திரிகரைத் தங்கவைக்க உரிமம் தேவை, ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று வரம்பு, மீறினால் தண்டம். கடற்கரை விடுதிகளில் இன்று மாட்டப்பட்டிருக்கும் உரிமச் சான்றிதழின் மூதாதையை அச்சட்டத்தில் காணலாம்.

அதிகாரிகள் சோற்றை ஐயுற்றதில் காலனிய அருவருப்பு கலந்திருந்தது உண்மை. அதற்காக அவர்கள் கூறியது முழுதும் பொய்யாகிவிடாது. நான்கு நாள் வைத்த ஈரச்சோறு எந்தச் சமயத்தார்க்கும் தீங்குதான். ஆனால் மகாபிரசாதம் அடுப்பிலிருந்து இறங்கும்போது கொதித்து வெந்தது, புதுக்கலத்தில் இருந்தது. கொலைகாரன் பெரும்பாலும் குடிநீரில் இருந்தான். காலராக் கிருமி நீரில் வாழ்வதை ராபர்ட் கோக் கல்கத்தாவின் குளமொன்றில் கண்டறிந்தது 1884இல். அதற்கு முன்பே பூரியில் ஒரு சட்டமும், கோயிற்சோறு நோய் தரும் என்ற பெயரும் நிலைத்துவிட்டன.

1897இல் குர்தா சாலையிலிருந்து பூரி வரை இருப்புப்பாதை வந்தது. நடந்துவந்த யாத்திரிகர் ரயிலேறினர். அவர்களோடு இன்னொரு வகை மனிதரும் வந்தனர். மருத்துவர் சொற்படி ‘காற்று மாற்றத்திற்காக’ வந்த கல்கத்தா நடுத்தர வர்க்கத்தினர் அவர்கள். சைதன்யர் வாழ்ந்து மறைந்த ஊர் என்பதால் வங்காளிகளுக்குப் பூரி ஏற்கெனவே நெருக்கமானது. இப்போது கடலும் ஒரு காரணமாயிற்று. சக்ரதீர்த்தப் பக்கம் கடல் நோக்கிய மாளிகைகள் எழுந்தன. வங்காள நாகபுரி இரயில்வே தன் ஓட்டலைத் திறந்தது. தெலுங்கு பேசும் நூலியா மீனவர் விடியலில் மீன் பிடித்தனர், பகலில் குளிப்போரின் கைபிடித்து அலையைத் தாண்டுவித்தனர். கோயிலுக்குள் மீனில்லை, கடற்கரைக்கு வந்த வங்காளிக்கு மீனில்லாமல் சோறிறங்காது. கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அந்த முரண்பாடு நல்ல சந்தையைத் திறந்துவிட்டது. இன்றும் சுவர்க்கத்வாரத்துக் கடைகளின் பலகைகளில் வங்க எழுத்து மிகுந்திருப்பதன் வரலாறு இதுவே.

ஓட்டல் என்னும் புதிய அமைப்பு மகாபிரசாதம் தளர்த்தியதை மீண்டும் இறுக்கிக் கட்டியது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து சென்னை வரை ‘இந்து ஓட்டல்’, ‘பிராமணாள் ஓட்டல்’ என்ற பலகைகள் தொங்கிய காலம் அது. முகமறியாச் சமையற்காரர்மீது நம்பிக்கை பிறக்கச் சாதிப் பெயர் முத்திரையாயிற்று. 1957இல் சென்னையில் பெரியார் அப்பலகைக்கு எதிராகப் போராட வேண்டியிருந்ததை நினைவுகூர்ந்தால், அந்த முத்திரையின் ஆயுள் விளங்கும்.

ஆனந்த பஜாரின் சமத்துவமும் வாசற்படி வரைதான். தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்குக் கோயில் மூடியிருந்தது. உள்ளே நுழைய இயலாதவர்க்கு உள்ளேயிருந்த சமபந்தியால் என்ன பயன்? 1934 மே மாதம் காந்தி தம் ஒடிசா நடைபயணத்தைப் பூரியிலிருந்து தொடங்கினார்; அனைவருக்கும் திறக்காத கோயிலுக்குள் அவர் செல்லவில்லை. 1938இல் டெலாங்கில் நடந்த மாநாட்டிற்கு வந்த கஸ்தூரிபா பூரிக் கோயிலுக்குள் சென்று வழிபட்டபோது காந்தி ஆழ்ந்த துயருற்றார். மகாதேவ தேசாயையும் கடிந்துகொண்டார். தலித்துகளுக்குக் கதவு திறந்தது விடுதலைக்குப் பிறகு. இந்து அல்லாதோர்க்கு அது இன்றும் திறக்கவில்லை. ஆயினும் பானை வெளியே வரத் தடையில்லை. கடற்கரை விடுதிகள் பலவற்றில் சொல்லிவைத்தால் மகாபிரசாதம் அறைக்கே வந்துசேரும். மதிலைத் தாண்ட முடியாத மனிதர்க்காகச் சோறு மதிலைத் தாண்டி வருகிறது.

பூரியில் நல்ல சாப்பாட்டைத் தேடுவோர் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனி மாதத்தை ஒட்டிய ஸ்நான யாத்திரைக்குப் பின் ஜகந்நாதர் காய்ச்சலில் படுத்திருப்பதாக ஐதீகம். அனசரம் எனப்படும் அந்தப் பதினைந்து நாள் அளவில் அவருக்குப் பழமும் மூலிகையுமே உணவு. வழக்கமான அன்னப் படையல் கிடையாது. கூட்டம் பிரம்மகிரியின் அலர்நாதர் கோயிலுக்குத் திரும்புகிறது. அங்கே பால்பாயசம் புகழ்பெற்றது, சைதன்யரும் அந்நாள்களில் அங்குச் சென்றதாக வழக்கு. பின்னர் தேர் புறப்பட்டுக் குண்டிச்சா கோயிலை அடைந்ததும் அடுப்பு அங்கே மூட்டப்படுகிறது. அவ்வாரத்துச் சோற்றுக்கு ‘அடப அபடா’ என்று தனிப்பெயர் உண்டு. அதை வாங்க நகரமே பெரிய தெருவின் மறுகோடியில் வரிசையில் நிற்கிறது.