புள்ளும் புள்ளியும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் காலை, ஒரகடத்தில் ஓர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். அதன் முகப்பு முழுவதும் கண்ணாடி. வாயிற்படியருகே ஆறுமணிக்குருவி ஒன்று வீழ்ந்து கிடந்தது. கையில் எடுத்தேன், உடலில் வெதுவெதுப்பு இருந்தது, உயிர் இல்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. மலையும் ஆறும் கடந்து வந்த அதனைக் கொன்றவர் யார்? இவ்வினா எழுந்தபோது, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறு ஒன்று என் நினைவிற்கு வந்தது.

ஒரகடத்திற்குத் தெற்கே, மதுராந்தகத்தை அடுத்து உள்ளது வேடந்தாங்கல். அவ்வேரியில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர் அறிந்திருந்தனர். ஆங்கிலப் படைவீரர் அப்பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்ட ஆட்சித் தலைவரிடம் முறையிட்டனர். 1798-இல், லயனல் பிளேஸ் என்னும் அவ்வாட்சித் தலைவர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் ‘கவுல்’ எழுதிக் கொடுத்தார். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. துப்பாக்கி பிடித்தவன் கண்ணுக்குத் தெரிந்தான். ஆகவே அவனைத் தடுக்க ஓர் ஆணை போதுமாயிற்று.

கண்ணாடியோ கண்ணுக்குத் தெரியாத பகை. அமெரிக்காவில் இரையைத் துரத்திய பருந்தினப் பறவை ஒன்று, செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டின் இரு பலகைகளை உடைத்துப் புகுந்து மூன்றாவதில் தடைப்பட்டதை, தாமஸ் நட்டல் என்னும் அறிஞர் 1832-இலேயே எழுதி வைத்தார். அன்று பெருங்கண்ணாடி அரிய பொருள். 1959-இல், உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுப் பலகையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது. அகன்ற கண்ணாடி எளிதில் கிடைக்கலாயிற்று. 2000-ஆம் ஆண்டில் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே அத்தகைய மிதவைக் கண்ணாடி ஆலை இயங்கத் தொடங்கியது. ஏரிகளுக்கு இடையே தொழிற்சாலைகளும் கண்ணாடி முகப்புகளும் எழுந்தன. அமெரிக்க நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 10 கோடி முதல் 100 கோடிப் பறவைகள் கண்ணாடியில் மோதி மடியலாம் என, டேனியல் கிளெம் என்னும் பறவையியலார் 1990-இல் மதிப்பிட்டார்.

பறவை கண்ணாடியைக் காண்பதில்லை. அதில் தோன்றும் வானத்தையும் மரத்தையுமே காண்கிறது. அவற்றை மெய்யென்று நம்பிப் பறந்து வருகிறது. இதற்கு மாற்று எளியது. கண்ணாடியின் வெளிப்புறத்தில், ஒன்றுக்கொன்று 5 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில், பலகை முழுவதும் புள்ளிகளோ கோடுகளோ இடவேண்டும். உட்புறத்தில் இட்டால் வானத்தின் எதிரொளி அவற்றை மறைத்துவிடும். ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதாலும் பயன் இல்லை. பறவை அதனை விலக்கி, அருகில் உள்ள வெற்றிடத்தில் மோதும். வாயிலில் கோலத்திற்குப் புள்ளி வைக்கும் நமக்கு இது புதிய கலையா?

அன்று வீடு திரும்பியதும் என் மாடிச் சன்னலை வெளியே நின்று நோக்கினேன். எதிரே உள்ள வேப்பமரம், கிளையும் இலையுமாக அதில் நின்றது. பிறர் முகப்பைக் குறை கூறிய எனக்கு நாணம் உண்டாயிற்று. அன்று மாலையே வெள்ளை வண்ணம் கொண்டு புள்ளி வைத்தேன். பின்னர் அவ்வலுவலகத்தாரிடமும் சென்று சொன்னேன். முதலில் ஒரு சன்னலுக்கு மட்டும் இசைந்தார்கள்.

பறவைக்குப் ‘புள்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பெயர். வேடந்தாங்கல் உழவர் ஓர் ஆணை பெற்றுப் புள்ளினத்தைக் காத்தனர். நாம் காப்பதற்கு ஆணையும் வேண்டுவதில்லை. சில புள்ளிகள் போதும். இன்று உங்கள் வீட்டுச் சன்னலை ஒருமுறை வெளியே நின்று பாருங்கள்.