வேட்கையின் வேதியியல்: மனச்சோர்வு ஆய்வின் வரலாறு

மனச்சோர்வு என்றதும் துயரத்தையே நாம் எண்ணுகிறோம். பசியும் விழிப்பும் நாட்டமும் குன்றுவதும் அந்நோயின் கூறே என்பதை மருந்தியல் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1952ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீவியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்து வழங்கப்பட்டது. எவரும் எதிர்பாராத வகையில், அவர்களுள் பலருக்குப் பசி மிகுந்தது, ஊக்கம் பிறந்தது. 1957இல் நேத்தன் கிளைன் முதலானோர் அம்மருந்தை மனச்சோர்வுற்றோருக்குக் கொடுத்துப் பெற்ற பயனை வெளியிட்டனர்.

இதற்கு நேர்மாறானது ரெசர்ப்பின். சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மருந்து இரத்த அழுத்தத்தைத் தணித்தது. ஆயின், அதனை உட்கொண்டோருள் சிலர் சோர்வில் ஆழ்ந்ததாக மருத்துவர்கள் குறித்தனர். நோரெப்பிநெப்ரின், செரோட்டோனின், டோபமின் ஆகிய மூளை வேதிப்பொருள்கள் சிதையாமல் இப்ரோனியாசிட் காத்தது. ரெசர்ப்பினோ அவற்றின் சேமிப்பை வெறுமையாக்கியது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தோர், வேதிப்பொருட் குறைவே மனச்சோர்வு என்று கருதத் தலைப்பட்டனர். 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் இக்கருத்தைக் கோட்பாடாக வகுத்தார்.

எனினும், அக்கோட்பாடு முழுமையானதன்று. மருந்து சில மணி நேரத்திலேயே வேதிப்பொருளின் அளவை மாற்றுகிறது. மனமோ தேறுவதற்குச் சில வாரங்களாகின்றன. மேலும், மனச்சோர்வில் சிலர் உண்ணாமலும் உறங்காமலும் வாடுகின்றனர். வேறு சிலர் மிகுதியாக உண்டு, மிகுதியாக உறங்குகின்றனர். வெறும் பற்றாக்குறை என்னும் ஒரு சொல்லில் இவ்விரு நிலைகளும் அடங்குவதில்லை.

தெளிவுக்கு மற்றோர் ஆய்வு வழிகாட்டியது. டோபமினை இன்பத்தின் ஊற்று என்றே பலர் நம்பியிருந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் டோபமினை இழந்த எலிகளை ஆராய்ந்தனர். அவை உணவை நாடிச் செல்லவில்லை. ஆனால், இனிப்பை வாயில் இட்டபோது சுவைத்து மகிழும் முகக்குறிகளைக் காட்டின. நாடுவது வேறு, துய்ப்பது வேறு என்பது இதனால் புலனாயிற்று. வேட்கை, இன்பம் என்று நம் மொழி இரு சொற்களால் பிரித்துரைப்பதை மூளையும் இரு வழிகளாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

மனச்சோர்வில் இவ்விரண்டில் எதுவும் குன்றலாம். வேட்கை குன்றிய மாணவன் நூலைத் திறப்பதில்லை. விளையாட அழைத்தாலும் எழுவதில்லை. அவனைச் சோம்பேறி என்று நாம் எளிதில் அழைத்துவிடுகிறோம். சோம்பல் குணத்தைக் குறிக்கும் சொல். மனச்சோர்வு நோயைக் குறிக்கும் சொல். முன்னதைச் சொன்னால் அவன் கண்டிக்கப்படுவான். பின்னதை உணர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுவான். எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதில் ஒரு மாணவனின் நலம் அடங்கியிருக்கிறது.