உழவர் சந்தையும் நடமாடும் காய்கறி வண்டியும்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987இல் தொடங்கிய 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைத்து பஜார்'களும் இதற்கு முன்னோடிகள். கமிஷன் மண்டியில் விலை சொல்லும் உரிமை விளைவித்தவருக்கு இருந்ததில்லை. அந்த நெடுநாள் அநீதியில் கைவைத்ததே இத்திட்டத்தின் பெரும் சிறப்பு. புகைப்பட அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, தராசும் இலவசம். விடியற்காலையில் அரசுப் பேருந்தில் ஏற்றிவரும் கூடைகளுக்குச் சுமைக்கட்டணமும் இல்லை. மொத்த விலைக்குச் சற்று மேலாக, சில்லறை விலைக்குக் குறைவாக அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டது. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல சந்தைகள் களையிழந்தன. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன.

ஆனால் சந்தை நகருக்கு வந்ததே தவிர, வீட்டு வாசலுக்கு வரவில்லை. அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்தவர்கள் தலைச்சுமைக் கூடைக்காரப் பெண்களும் தள்ளுவண்டிக்காரர்களும்தான். கொரோனா பரவலால் 2020 மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. மறு ஆண்டு மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கில் காய்கறிக் கடைகளும் அடைபட்டன. அப்போது தோட்டக்கலை, வேளாண் துறைகள் உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்ந்து, வாகனங்களில் காய்கறியையும் பழங்களையும் தெருத்தெருவாக அனுப்பின.