ஆய்த எழுத்தும் மூடின கதவும்

புறக்கோட்டையில் துண்டுப்பிரசுரம் அடிக்கப் போனால், சில அச்சகங்களில் இன்னமும் "பாமினியில கொண்டு வாங்கோ" என்றுதான் சொல்றாங்க. யுனிகோடில் தட்டினதை பாமினி எழுத்துருவுக்கு மாற்றிக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கு இந்தக் கேள்வி வந்தது: எல்லாருக்கும் பொதுவான ஒரு தொழில்நுட்பத்தில் பிழை இருக்கு என்று சொன்னால், "இது திருத்தப்படாது" என்று கதவை மூடுகிற உரிமை யாருக்கு?

திறந்த மூல மென்பொருள் உலகில் இது பழைய சண்டை. 1998இல் மொசில்லா வெளியிட்ட பக்சில்லாவில் யாரும் பிழையைப் பதியலாம். பராமரிப்பவர்கள் 'திருத்தியாச்சு', 'ஏற்கெனவே பதிந்தது', 'திருத்தப்போவதில்லை' என்று ஏதாவது முத்திரை குத்தி மூடுவார்கள். சண்டை வாறது கடைசி முத்திரையில்தான். பதிந்தவருக்கு அது அவமதிப்பு. சம்பளமில்லாமல் குவிந்து கிடக்கும் பதிவுகளைப் பார்க்கிறவருக்கு அது மூச்சுவிட ஒரு வழி.

தமிழுக்கும் அப்படியொரு மூடின கதவு இருக்கு. 1991இல் வந்த யுனிகோட், இந்திய எழுத்துகளை 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டின் ஒழுங்கிலேயே எடுத்துக்கொண்டது. எல்லா எழுத்துக்கும் ஒரே சட்டகம். அதனால் எங்கட 'ஃ' அங்கே 'விசர்க்கம்' என்ற பெயரில் போய் உட்கார்ந்தது. தமிழில் இல்லாத அனுஸ்வாரத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. யுனிகோட்காரருக்கும் இது தெரியும். அட்டவணையில் பக்கத்திலேயே 'ஆய்தம்' என்றும், 'தமிழில் பாவிப்பதில்லை' என்றும் குறிப்புப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெயரை மாற்றமாட்டார்கள். ஒருமுறை வைத்த பெயரும் இடமும் மாறாது என்பது விதி. மாறினால் பழைய கோப்புகளும் மென்பொருள்களும் குழம்பும்.

ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கையும் இதே விதியில் முட்டி நின்றது. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. மென்பொருள்காரர் இதை 'ஃபோர்க்' என்பார்கள்: கேட்காவிட்டால் பிரிந்து போறது. சிலவேளை அது பலிக்கும். லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சியின் பராமரிப்பில் வந்த மனக்கசப்பால் டெபியன் 2009இல் ஈஜிலிப்சிக்கு மாறியது. 2012இல் ஜிலிப்சியின் நிர்வாகம் மாற, பிறகு இரண்டும் ஒன்றாகின. டேஸ்-16க்கு அது நடக்கவில்லை. கைபேசிகள் யுனிகோடோடேயே நின்றன. தனி வழியின் செலவு என்னவென்று பாமினிக்கு மாற்றிக்கொண்டு நின்ற எங்களுக்குத் தெரியும்.

அதே 2010இல் தமிழர்கள் நேர்மாறாகவும் கேட்டார்கள். கிரந்தம் பற்றிய முன்மொழிவுகள் வந்தபோது, தமிழோடு கலக்காதே என்று எதிர்ப்புக் கிளம்பியது. முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் கிரந்தம் 2014இல் தனிப் பகுதியாக வந்தது. அன்று கதவை மூடச் சொன்னது நாங்கள்தான்.

ஆகவே மூடுவதே அநியாயம் என்று எங்களால் சொல்ல ஏலாது. ஏன் மூடினோம் என்று எழுதிவைக்க வேணும், பிழையைப் பிழையென்று பக்கத்தில் ஒப்புக்கொள்ள வேணும். ஆய்தத்துக்கு அந்த இரண்டாவதாவது கிடைத்தது. மிச்சம் எங்கட பொறுப்பு: மூடின பிறகு தட்டுவதைவிட, வரைவு எழுதும்போதே உள்ளே இருக்க வேணும்.