ஃபோர்ட்ரானும் வேகமும்

1953-ஆம் ஆண்டின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸ் தம் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, கணித சூத்திரங்களை ஏறக்குறைய அவற்றின் சொந்த உருவிலேயே ஏற்று, யந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல் ஒன்றை உருவாக்க அனுமதி கோரினார். யந்திரத்துக்கு ஆகும் செலவுக்குச் சற்றும் குறையாமல் நிரல் எழுதுவோரின் சம்பளத்துக்கும் ஆகிவந்த காலமாதலால், அனுமதி கிடைத்தது. நிரல் எழுதுவோரின் நம்பிக்கைதான் கிடைக்கவில்லை.

அவர்களுடைய சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தது. ஐபிஎம்மின் முந்தைய 701 யந்திரத்தில் மிதவைப் புள்ளி எண்களைக் கையாளும் மின்சுற்று இல்லாமையால், அத்தகைய கூட்டலும் பெருக்கலும் நீண்ட துணைநிரல்களைக் கொண்டே நடந்தேறின. அந்த மந்தகதியினூடே, தானியங்கி நிரலாக்க முறைகள் விளைவித்த தாமதம் தனியே புலப்படாமல் மறைந்து கிடந்தது. புதிய 704 யந்திரம் அக்கணக்குகளை நேராகவே செய்யத் தொடங்கியதும், மறைந்திருந்த தாமதம் அப்பட்டமாக வெளிப்பட்டது. ஆகவே, தாம் பிறப்பிக்கும் கட்டளைகள் கைதேர்ந்தவர் எழுதியவற்றில் பாதி வேகமே உடையனவாயின், தம் பிரயத்தனத்துக்குப் பரவலான ஆதரவு கிட்டாது என்று பேக்கஸ் அஞ்சினார். அந்த அச்சமே, ஃபோர்ட்ரான் எனப் பெயர்பெற்ற அந்நிரலைச் செதுக்கிய உளி என்பது என் அபிப்பிராயம்.

நிரல் ஏற்கும் மொழியின் இலக்கணத்தை வகுப்பதைப் பேக்கஸின் குழுவினர் பெரிய காரியமாகக் கருதவில்லை. யந்திரத்தின் அங்க லட்சணங்களே அதில் பல இடங்களில் பதிந்துவிட்டன. மாறிகளின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டலாகாது என்ற விதி, 36 பிட் கொண்ட 704-இன் நினைவக அறை ஒன்றில் ஆறு எழுத்துகளே அடங்கும் என்பதோடு பொருந்தியது. அவர்களுடைய சிரத்தை முழுவதும் சுழல்களின்மீதே சென்றது. இருபரிமாண அணியொன்றின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் சுழலில், ஒவ்வோர் உறுப்பின் முகவரியையும் சாமானியமாகப் பெருக்கிக் காணவேண்டும். ஃபோர்ட்ரானோ அந்தப் பெருக்கலை அகற்றி, சுற்றுக்குச் சுற்று, முகவரியைக் காண உதவும் இண்டெக்ஸ் ரெஜிஸ்டரிலுள்ள எண்ணை ஒரு நிலையான அளவு மாற்றினாலே போதும் என்னும்படி கட்டளைகளை அமைத்தது. அத்தகைய ரெஜிஸ்டர்கள் மூன்றே இருந்தமையால், நிரலின் எந்தக் கிளை எத்தனை தடவை ஓடும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு அவற்றைப் பங்கிட வேண்டியிருந்தது. லோயிஸ் ஹைப்ட் என்னும் பெண்மணி இயற்றிய பகுதி, நிரலை ஓட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, தற்செயல் எண்களின் துணையால் அம்மதிப்பீட்டை நிறைவேற்றியது. விளைந்த கட்டளைகள் எதிர்பாராத இடங்களுக்கு நகர்ந்திருக்கக் கண்டு, அவற்றைத் தோற்றுவித்த கர்த்தாக்களே முதலில் பிழையோ என்று மயங்கினர்.

இன்னும் ஆறே மாதம் என்று சொல்லிச் சொல்லி 1957 ஏப்ரல் வரை நீண்ட அப்பணி, பயனாளர் கைக்கு வந்த ஓராண்டுக்குள், 704 யந்திரம் கொண்ட, ஆராயப்பட்ட 26 நிலையங்களில் பாதிக்கு மேற்பட்டவை தங்கள் கணக்குகளில் பெரும்பாலானவற்றை ஃபோர்ட்ரானிலேயே எழுதிவந்தன.