இயந்திரம் வேறு, கதை வேறு

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மவுஸால் சுட்டிச் சொடுக்கி, புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் 'அட்வெஞ்சர்' விளையாட்டு 1990-களின் இறுதியில் செத்துப்போனதாம். 2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் 4 லட்சம் டாலர் கேட்க, 87,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 33 லட்சம் டாலரைக் கொட்ட, அது மறுபடி எழுந்து உட்கார்ந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தது என்பதும் பாதி உண்மை, பணம் எழுப்பியது என்பதும் பாதி உண்மை. இந்த விளையாட்டுகள் பிழைத்ததற்கான காரணம் 1980-களில் அவற்றைச் செய்த முறையிலேயே இருந்தது என்பது என் கட்சி.

அந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். 1980-களில் வீட்டுக் கணினி என்பது ஒன்றல்ல. ஆப்பிள், கொமடோர், ஐபிஎம், அட்டாரி என்று ஒன்றோடொன்று ஒட்டாத பல சாதிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளையாட்டை எழுதினால் கட்டுப்படியாகாது. எழுத்து வடிவ விளையாட்டுகளை விற்ற இன்ஃபோகாம் இதற்கு முதலில் வழி கண்டது. கதை, புதிர், உரையாடல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். அதை வாசித்து நடத்திக் காட்டும் சிறு நிரல் மட்டும் கணினிக்குக் கணினி மாறும். நாடகப் பிரதி ஒன்றே, மேடைதான் ஊருக்கு ஊர் வேறு. சியரா நிறுவனம் 1984-இல் 'கிங்ஸ் குவெஸ்ட்'டில் ஏறக்குறைய இதே வழியில் போனது. 1987-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 'மேனியாக் மேன்ஷன்' செய்தபோது, அதற்காக கில்பர்ட் உருவாக்கிய கருவி ஸ்கம். பெயரைச் சொன்னால் ஆங்கிலத்தில் 'கசடு' என்று காதில் விழும். அந்தக் குழுவின் குறும்பு அப்படி. 'கதவைத் திற' என்று தட்டச்சு செய்யச் சொன்ன காலம் போய், திரையின் அடியில் வினைச்சொற்களை அடுக்கி வைத்து 'திற' என்பதையும் கதவையும் சொடுக்கச் சொன்ன முறை அங்கேதான் உருப்பெற்றது. 1990-இன் 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' உட்பட அடுத்த பத்தாண்டின் பல விளையாட்டுகள் இந்த ஒரே கருவியில் பிறந்தவை.

பிறகு வந்த சரிவு உண்மையானது. 1999 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்ஹர்ஸ்டில் இருந்த சியராவின் பழைய கூடம் மூடப்பட்டது. லூகாஸ்ஆர்ட்ஸ் என்று பெயர் மாறியிருந்த நிறுவனம் 2000-க்குப் பிறகு புதிதாக ஓர் அட்வெஞ்சரையும் வெளியிடவில்லை. செய்துகொண்டிருந்த 'சாம் அண்ட் மேக்ஸ்' தொடர்ச்சியை 2004 மார்ச்சில் கைவிட்டது. அமெரிக்காவில் உட்கார்ந்து பார்த்தால் இது மரணம்தான். ஐரோப்பாவில் அப்படித் தெரியவில்லை. நார்வேயிலிருந்து 1999-இல் 'த லாங்கஸ்ட் ஜர்னி', பெல்ஜிய காமிக்ஸ் ஓவியர் பெனுவா சொக்காலின் 'சைபீரியா' 2002-இல், செக் நாட்டின் 'மெஷினேரியம்' 2009-இல். ஹாம்பர்க்கின் டேடாலிக் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் பரபரப்புக்கு முன்பே இந்த வகையை நம்பித் தொழில் நடத்தியது. கலிஃபோர்னியாவில் இரண்டு கடைகள் சரக்கை மாற்றியதை உலகச் சாவாக எழுதிவிட்டார்கள்.

இருந்தாலும் ஐரோப்பா பாதி விடைதான். பழைய விளையாட்டுகள் என்ன ஆயின? விண்டோஸ் மாறியதும் டாஸ் காலத்து நிரல்கள் ஓட மறுத்தன. வட்டு கையில் இருந்தும் விளையாட முடியாத நிலை. 2001-இல் நிரலாளர் இருவர் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற இலவசத் திட்டம் இங்கேதான் வருகிறது. மூல விளையாட்டுக் கோப்புகளை அது தொடவில்லை; அவற்றை வாசித்து நடத்தும் நிரலை மட்டும் புதிதாக எழுதியது. மேடையை மாற்றினால் போதும், பிரதி அப்படியே நடக்கும். கதையையும் இயந்திரத்தையும் கில்பர்ட் தலைமுறை பிரித்து வைத்திராவிட்டால் இது நடந்திராது. 2003-இல் பிரிட்டனின் ரெவல்யூஷன் நிறுவனம் தன் 'பினீத் அ ஸ்டீல் ஸ்கை'யை இலவசமாகவே கொடுத்தது, ஸ்கம்விஎம்மில் ஓடும்படி. சியராவின் விளையாட்டுகளும் பின்னால் அதில் சேர்ந்தன. இன்னொரு பக்கம், பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஜோன்ஸ் 1990-களின் இறுதியில் தொடங்கிய அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ, தனி ஆள் ஒருவர் புதிதாக விளையாட்டு செய்யும் வசதியைத் தந்தது. அதை வைத்து நியூயார்க்கில் டேவ் கில்பர்ட் (ரான் கில்பர்ட்டுக்கு உறவில்லை) 2006 முதல் 'பிளாக்வெல்' வரிசையை விற்றார்; 2011-இன் 'ஜெமினி ரூ', 2012-இன் 'பிரைமோர்டியா' ஆகியவையும் அதே கருவியில் செய்தவை. இதில் எதற்கும் கிக்ஸ்டார்ட்டர் தேவைப்படவில்லை.

பணம் வராமல் பெரிய படைப்பு வந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டதைப்போல் எட்டு மடங்கு பெற்றும், அந்தப் பணத்தில் டபுள் ஃபைன் செய்த 'புரோக்கன் ஏஜ்' ஒரே தவணையில் முடியவில்லை. 2014-இல் பாதி, 2015-இல் மீதி. அதே டபுள் ஃபைன் 2015-இல் 'கிரிம் ஃபண்டாங்கோ'வைப் புதுப்பித்தது இன்னும் சுவையான சாட்சி. 1998-இல் வந்த மூலம் மவுஸைக் கைவிட்டு விசைப்பலகைக்குப் போன விளையாட்டு. புதுப்பித்த பதிப்பில் மவுஸ் கட்டுப்பாடு சேர்ந்ததற்கு, முன்பே ரசிகர் ஒருவர் சொந்தமாக எழுதி வைத்திருந்த நிரலே அடிப்படை. காசு தொழிலகத்திடம் இருந்தது, வேலை ரசிகரிடம் முடிந்திருந்தது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. இந்த விளையாட்டுகள் தம் அசட்டுப் புதிர்களாலேயே அழிந்தன, இப்போது நடப்பது வெறும் பழைய நினைவின் ஏக்கம் என்பார்கள். எல்லோரும் எடுத்துக் காட்டுவது 1999-இன் 'கேப்ரியல் நைட் 3'. நாயகன் இன்னொருவர் பெயரில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பூனை முடியைப் பிடித்து, பாகு தடவி ஒட்டுமீசை செய்ய வேண்டும். அந்த இன்னொருவருக்கு மீசையே கிடையாது. ஆகவே அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும்! இதற்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனால் நோய் தெரியாமல் இருந்ததில்லை. காரணமின்றிச் சாகடிப்பதும், திரும்ப முடியாத முட்டுச்சந்தில் ஆட்டக்காரரை விடுவதும் தவறு என்று ரான் கில்பர்ட் 1989-லேயே கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு வந்த 'மங்கி ஐலண்ட்'டில் நாயகன் சாவதே அபூர்வம். நீருக்கடியில் அவனைப் பத்து நிமிடம் சும்மா விட்டால்தான் சாவான். வெறும் ஏக்கமாக இருந்தால் பழைய தொல்லைகளையும் சேர்த்தே பூஜித்திருப்பார்கள். நடந்தது வேறு. 2017-இன் 'திம்பிள்வீட் பார்க்' வினைச்சொல் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தது, கூடவே எளிது, கடினம் என இரண்டு நிலைகளையும் வைத்தது. 2022-இல் கில்பர்ட்டே செய்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' வினைச்சொற்களைக் கைவிட்டு, விளையாட்டுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தது. பழைய ரசிகர்களில் சிலர் அதன் ஓவியப் பாணியை எதிர்த்தும் அவர் மாற்றவில்லை. 1990-இன் முதல் 'மங்கி ஐலண்ட்'டோ, அன்றைய அதே கோப்புகளுடன், ஸ்கம்விஎம் வழியாக இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடுகிறது.